நட்ட வயலில் நான் விரட்டிய வாத்துகள்

என் தங்கை தையல்நாயகி என்னிடம் ஒப்படைத்த காரியம் ஒன்றே ஒன்று. "அண்ணே, போய் அவரக் கூட்டிக்கிட்டு வாங்க. வரமாட்டேன்னா, அங்க எனக்கு இருக்க ஒரு எடம் உண்டான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க." இதில் முதல் பாதியை மட்டும்தான் நான் காதில் வாங்கினேன். இரண்டாம் பாதியை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறபோதே கைகழுவிவிட்டேன்.

அவர் என்றால் அவள் புருஷன் ரத்தினம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனவன். பிறகு ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. தோட்டங்களை மூடினார்கள். போன ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் ஏழு குடும்பம் வந்து சேர்ந்தது. ரத்தினம் வரவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. 'நான் இங்கே வாத்து வளர்க்கிறேன். சௌக்கியம்.'

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள். வாத்து எங்களுக்குத் தெரியாத ஜந்து அல்ல. சம்பா அறுத்துக் கட்டெல்லாம் களத்துக்குப் போன பிறகு, வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வருவார்கள். தாளடியில் சிந்திக் கிடக்கும் நெல்லை அவை பொறுக்கித் தின்னும். அவர்கள் வரப்போரம் ஒரு கூடாரம் போட்டு நாலு நாள் தங்குவார்கள், நிலத்துக்காரனுக்கு முட்டை கொடுப்பார்கள், அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வீடு வாசல் என்று நிலையாக ஒன்று கிடையாது. எங்கள் வீட்டு மாப்பிள்ளை இந்தப் பிழைப்புக்கா கடல் தாண்டினான்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து என் வீட்டு அடுப்பு, மாட்டுக்கொட்டகை, நடவு, களை எல்லாவற்றையும் தையல்தான் பார்க்கிறாள். ரத்தினம் ஊருக்கு வந்தால் அவளும் ஊரில் இருப்பாள். அதனால்தான் அந்த முதல் பாதி எனக்கு அவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்தது.

ஈப்போவில் நான் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. ஸ்டேஷனில் காத்திருப்பதாக எழுதியிருந்தவனைக் காணோம். பிளாட்பாரத்தில் என் தகரப்பெட்டியின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர், தும்பைப்பூ மாதிரி வெளுத்த கோட்டுடன், மூன்று தடவை என்னைக் கடந்து போனார். நாலாம் தடவை நின்றார்.

"ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

சொன்னேன்.

"வாத்து வளக்கிற ரத்தினமோ? அவர் காலமை ஆளிட்டச் சொல்லிவிட்டவர். வாத்துக்கு ஏதோ அலுவலாம், வரேலாதாம். உங்களை நாளைக்கு லகாட்டுக்கு வரட்டாம்."

"இதை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே ஐயா?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் தம் அறைக்குள் போய்விட்டார்.

வாத்துக்கு அலுவல்! எனக்கு ஒரு அலுவலும் இல்லை பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். ஈப்போ ஊர் என்னவோ பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளைவெள்ளையாகச் செங்குத்து மலைகள், நடுவில் அகலமான தெருக்கள், ஈயத்தில் பணம் பண்ணிய சீனர்களின் மாடிவீடுகள். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மழை பெய்கிறது. நம் ஊரில் மழை வருவதற்கு முன் காற்று வரும், இருட்டும், துணியை எடுக்க அவகாசம் இருக்கும். இங்கே மேலே யாரோ குடத்தைக் கவிழ்ப்பதுதான். அரை மணியில் வெயில் அடிக்கிறது, உடம்பெல்லாம் வேகிறது.

ஒரு தமிழர் சாப்பாட்டுக்கடையைத் தேடிப் பிடித்தேன். சாம்பார் என்று மஞ்சள் வெந்நீரை ஊற்றினார்கள். புளி எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் தட்டிலிருந்த கருவாட்டைக் காட்டி, "இத கடிச்சுக்குங்கண்ணே, சரியாப் போயிரும்லா" என்றார். காபி என்று கேட்டதற்குக் கரிச்சட்டி கழுவிய நிறத்தில் ஒன்று வந்தது. அடியில் டின் பால் கட்டியாகக் கிடந்தது. கலக்காமல் குடித்தால் கசப்பு, கலக்கினால் பாயசம். இரண்டுக்கும் நடுவில் காபி இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை லகாட்டுக்கு மோட்டார் பஸ். ஐந்தாறு மைல்தான். அதற்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் திருவாரூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டிருப்பேன். பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அதை ஒரு உதை உதைத்தான். பிறகு எங்களையெல்லாம் இறக்கித் தள்ளச் சொன்னான். தள்ளி ஏறியபோது என் இடத்தில் ஒரு சீனப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முறம் அகலத்துக்கு ஓலைத்தொப்பி, கறுப்புச் சட்டை, கறுப்பு நிஜார். நான் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்ததுதான் தாமதம், காலடியில் இருந்த மூங்கில் கூடையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். உள்ளே முழுக்க வாத்துக்குஞ்சு. கத்துகின்றன.

அவள் ஏதோ சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. என்ன சொல்கிறாள் என்று முன்னால் இருந்த தமிழரைக் கேட்டேன். "ஆளு பெரிசா இருக்காரு, மடி சும்மாதானே கெடக்குன்னு சொல்லுதுண்ணே" என்றார் அவர். லகாட் போய்ச் சேர்வதற்குள் என் சலவை வேட்டியில் குஞ்சுகள் தங்கள் காரியத்தை முடித்துவிட்டன.

ரத்தினம் லகாட்டில் நின்றிருந்தான். கறுத்து, மெலிந்து, முழங்கால்வரை சேறு. என்னைக் கண்டதும் ஓடிவந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். "மச்சான், வந்துட்டீங்களா, தையல் எப்படி இருக்கா, நல்லா இருக்காளா, கடுதாசி ஏதும் குடுத்தாளா" என்று ஒரே மூச்சில் கேட்டான்.

"ஏன் மாப்பிள்ளை, ஈப்போவுக்கு வந்தால் என்ன?"

"சூசா மச்சான். காலைல அதுகள எறக்கிவிட்டு, வெயிலேறுனா மேல ஏத்தணும். நான் இல்லைன்னா ஒண்ணும் நடக்காது."

சூசா என்றால் சிரமம் என்று மலாயில் அர்த்தமாம். இந்த ஊர்த் தமிழர்கள் பத்து வார்த்தைக்கு ஒரு சூசா போடுகிறார்கள். எனக்கு இருந்த சூசாவை யாரும் கேட்கவில்லை. மூன்று மைல் நடந்தோம். அவன் முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குள் பாதை போயிற்று. மரங்கள் வரிசையாக நிற்கின்றன, பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள், பால் எடுக்க ஆள் இல்லை. கீழே இடுப்பளவு புல். நூறு கூலிக் குடும்பம் வரிசை அறைகளில் குடியிருந்த லயத்தில் கூரை பாதி விழுந்து கிடந்தது. ஒரு கோடி அறையில் ரத்தினம் குடியிருந்தான். மற்ற அறைகளில் வௌவால்.

இரவுச் சாப்பாட்டுக்கு வாத்து முட்டைக் குழம்பு வைத்திருந்தான். ஒரு முட்டை என் முஷ்டி அளவு, வாயில் வைத்தால் சேற்று வாடை. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை, பிடி பிடியென்று பிடித்தேன். குடும்பத்து மானம், ஊரில் பேச்சு, தனியாக ஆறு வருஷம் நிற்கிற பெண், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நடுவில், "மச்சான், நான் வாத்து மட்டும் இல்ல, ஒரு மலாய்க்காரர் வயலை வாரத்துக்கு எடுத்து நட்டிருக்கேன், அந்த வயல்லதான்..." என்று ஆரம்பித்தான்.

"வயலைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா?" என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் பின்னால் வந்த அவமானம் ஒன்றும் எனக்கு வந்திருக்காது.

புதன்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவன் கிளம்பிக்கொண்டிருந்தான். லகாட்டுக்குப் போய்த் தவிடு வாங்கி வர வேண்டுமாம், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவானாம். "மச்சான், வயல்ல மட்டும் எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அட்டை கடிக்கும் என்று சொல்கிறான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேப்பங்குச்சி இல்லாமல் கரித்தூளால் பல் தேய்த்துவிட்டு, சரி, மாப்பிள்ளை நட்ட வயலின் லட்சணத்தைப் பார்ப்போமே என்று போனேன். தோட்டத்து எல்லை தாண்டினால் ஓடை, ஓடைக்கு அப்பால் வயல். ஒரு ஏக்கர் சொச்சம் இருக்கும். நட்டு ஒரு மாதம் ஆன பயிர், நன்றாகத் தூர் கட்டியிருந்தது. பயிரைப் பார்த்தவுடன் மனசு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மறுகணம் பார்த்தால், பயிருக்குள்ளே வாத்து! ஒன்றல்ல, இரண்டல்ல, ஐம்பது அறுபது. வரிசைக்கு வரிசை புகுந்து, மூக்கைச் சேற்றில் விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் நட்ட வயலில் ஒரு வாத்து இறங்கினால் அன்றைக்குப் பஞ்சாயத்து. பட்டியை உடைத்துக்கொண்டு வந்துவிட்டன, மாப்பிள்ளை வேறு ஊரில் இல்லை, என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நினைக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, வேலியில் ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு, "ஏய், ஹோய்" என்று கத்திக்கொண்டே உள்ளே இறங்கிவிட்டேன்.

வாத்தை விரட்டியவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போகும். நான் முன்னும் பின்னும், குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். கையில் அகப்பட்டதை வீசினேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் மடை வழியாக ஓடைக்குத் தள்ளிவிட்டேன். ஓடையோடு அவை மிதந்து போய், கீழே பெரிதாகக் கிடந்த குட்டையில் இறங்கின. அந்தப் பக்கமெல்லாம் ஈயம் தோண்டிவிட்டு விட்டுப்போன பள்ளங்கள், இப்போது நீர் நின்று பச்சையாகக் கிடக்கின்றன. குட்டையில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் வாத்துகள். எங்கள் வாத்துகள் அதில் போய்க் கலந்தன. அதன்பிறகு எது யாருடையது என்று பிரம்மாவுக்கே தெரியாது.

கரையில் ஒரு குடிசை. அதிலிருந்து ஓலைத்தொப்பி வெளியே வந்தது. பஸ்ஸில் என் மடியில் கூடை வைத்த அதே பெண்மணி! அவள் கத்தினாள். நானும் கத்தினேன். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இருவருக்கும் எதுவும் விளங்காமல் போகவில்லை.

ரத்தினம் தவிட்டு மூட்டையுடன் வந்தபோது நான் வரப்பில் உட்கார்ந்து காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். "நல்லவேளை நான் இருந்தேன் மாப்பிள்ளை" என்றேன்.

அவன் வயலைப் பார்த்தான். குறுக்கே ஒரு வண்டி போன மாதிரி பயிர் சாய்ந்து கிடந்தது. மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் திட்டவில்லை.

"மச்சான், நாந்தான் எறக்கிவிட்டேன்" என்றான்.

பிறகு பொறுமையாகச் சொன்னான். அந்தச் சீனப் பெண்மணியின் பெயர் ஆ யோக். அவள் ஊர்ப்பக்கத்தில் இப்படித்தானாம். "நட்டு இருவது நாள்ல நாத்து வேர் புடிச்சிரும் மச்சான். அப்ப குஞ்ச எறக்கணும். புல்லு, நத்தை, நண்டு, பூச்சி எல்லாத்தையும் தின்னும். நெல்லுத்தாள் சொரசொரன்னு இருக்குல்ல, அதத் தொடாது. கால்ல சேத்தக் கலக்கிக்கிட்டே போவும், போட்ற எச்சம் அப்படியே ஒரமாயிரும். கதிர் வரப்போவுதுன்னா மேல ஏத்திரணும். ஒரு ஆளு களை எடுக்க வேணாம் மச்சான், ஒரு ஆளு!"

"அது சரி, இனி என்ன? அறுபது வாத்து போனால் போகட்டும், ஊருக்கு வா" என்றேன்.

அப்போதுதான் அவன் குரல் உயர்ந்தது. நிலத்துக்காரர் பாக் டின் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வயலைப் பார்க்க வருகிறாராம். நட்ட வயலில் வாத்து விடுவதை அவரும் நம்பவில்லை. ஒரு பருவம் விட்டுப் பார், களை இல்லாமல் பயிர் நின்றால் அந்த மேட்டில் நீ வீடு கட்டிக்கொள்ளலாம், வயலும் உன்னிடமே இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டும் இல்லை என்று சொல்லியிருந்தாராம். ரத்தினம் கைகாட்டிய மேட்டில், இடிந்த லயத்திலிருந்து கழற்றிய பலகைகளும், கூரைக்கு அத்தாப்பு ஓலையும் அடுக்கி மூடி வைத்திருந்தது.

"தோட்டம் மூடிட்டான். லயம் இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துரும். வீடு இல்லாம தையல எங்க மச்சான் கொண்டாந்து வைப்பேன்?"



அன்று சாயங்காலம் குட்டைக் கரையில் நின்று ரத்தினம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்தான். வாத்துக் கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, நாற்பத்தெட்டு அவன் பின்னால் வந்தன. மீதிப் பன்னிரண்டும் அசையவில்லை. அவனுடைய குஞ்சும் ஆ யோக்கின் குஞ்சும் ஒரே நாளில் பொரித்தவை. அவனுடையதற்குக் காலின் சவ்வில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு, பிடித்துத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆ யோக் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். ரத்தினம் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். "வெரட்டுன ஆளே புடிக்கட்டும்னு சொல்லுது மச்சான்."

பிடித்தேன். எத்தனை பிடித்து எத்தனை விட்டேன் என்று கேட்காதீர்கள். குட்டைத் தண்ணீர் காது வரை போயிற்று. அவள் கரையில் குந்திச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை நான் வெறுங்கையோடு எழுந்தபோதும் தொடையில் தட்டிச் சிரித்தாள். இருட்டுவதற்குள் பத்து கிடைத்தது. மீதி இரண்டையும் தானே கண்டுபிடித்துக் கொடுக்கிறேன் என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலையில் ரத்தினம் வாத்துகளை வயலுக்கு ஓட்டினான். அவை வரப்பு வரை வந்து நின்றன. கழுத்தை நீட்டிப் பார்த்தன. திரும்பி ஓடின. மறுபடி கொண்டுவந்தான், மறுபடி ஓடின. மூன்றாம் தடவை நான் உதவிக்கு, "வா, வா" என்றேன். என் குரல் கேட்டதுதான் தாமதம், ஓடையில் விழுந்து தலைதெறிக்கப் போய்விட்டன.

"மச்சான், நீங்க பேசாதீங்க" என்றான் ரத்தினம். அவன் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வாத்து மேயாத கடைசிக் கால்பங்கு களைமண்டிக் கிடந்தது. நான் மிதித்த இடத்தில் அவன் பயிரை நிமிர்த்தி நட வேண்டும். ஆகவே களை என் பங்கு. எங்கள் பக்கத்தில் களை எடுப்பது பெண்களின் வேலை. ஆண்கள் வரப்பில் குடையோடு நின்று, "விட்டுப்போகுது பார், அங்கே பார்" என்று சொல்லிக்கொண்டிருப்போம். நாற்பத்திரண்டு வயது வரை நான் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்தவன். முதல் வரிசை முடிவதற்குள் முதுகு இரண்டாகப் பிளந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. விரல் நகத்துக்குள் சேறு போய் எரிந்தது. வெயில் போய் மழை வந்தது, மழை போய் வெயில் வந்தது, களை மட்டும் போகவில்லை. வரப்பில் போன இரண்டு மலாய்க்காரர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"சொல்லு."

"ரத்தினத்துக்குப் புதுசா ஒரு பெரிய வாத்து வந்திருக்காம்."

மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றோம். வாத்து முட்டைதான். பசியில் மூன்று முட்டை தின்றேன். முதுகு வலியில் எனக்கு ஒரே நினைப்பாக இருந்தது. தையல் இதைச் சின்ன வயதிலிருந்து, வருஷத்தில் இத்தனை நாள், என் வயலில், செய்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்கு வெந்நீரும் போடுகிறாள். முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. அவள் நிற்கவில்லையா, நான் பார்க்கவில்லையா?

"மச்சான், ஒண்ணு கேப்பேன், கோவிக்கக்கூடாது" என்றான் ரத்தினம்.

"கேள்."

"நான் ஊருக்கு வரணும்னு ஒங்களுக்கு ஆசையா, தையல் இங்க வந்துரக்கூடாதுன்னு ஆசையா?"

கோபம்தான் வந்தது. எழுந்து போய்க் களை பறித்தேன். கோபத்தில் ஒரு வரிசையை வேகமாக முடித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாக் டின் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் குல்லாய், கட்டம் போட்ட கைலி, வெயிலுக்குக் கறுப்புக் குடை. பேசாமல் வரப்பைச் சுற்றி நடந்தார். ரத்தினம் பின்னால் போனான். அவனுக்குப் பின்னால் நான். மிதிபட்ட இடத்தில் பாக் டின் நின்று குடையால் சுட்டிக் கேட்டார். ரத்தினம் மலாயில் சொன்ன பதிலில் 'கர்பாவ்' என்ற சொல் விழுந்தது. எருமை இறங்கிவிட்டது என்கிறான் என்று புரிந்துகொண்டேன். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பாக் டின் குனிந்து சேற்றைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். என்னவோ கேட்டார்.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

ரத்தினம் தலையைத் தொங்கப்போட்டான். "எருமைக்கு அஞ்சு வெரலான்னு கேக்குறாரு மச்சான்."

"நான்தான் என்று சொல்லிவிடு. எங்கள் ஊரில் வாத்து அறுவடைக்குப் பிறகுதான் இறங்கும், தெரியாமல் விரட்டிவிட்டேன், இவன் மேல் தப்பில்லை என்று சொல்."

அவன் சொன்னான். மனிதர் சிரிப்பாரா, குடையால் அடிப்பாரா என்று தெரியாமல் நின்றேன். அவர் இரண்டும் செய்யவில்லை. நேரே நான் களை எடுத்த கால்பங்குக்குப் போனார். போய் நெடுநேரம் நின்றார். ஒரு குத்தைப் பிடுங்கினார், முகர்ந்தார், என் முன்னால் நீட்டினார். களை. நெல் மாதிரியே நிற்கிற புல். பக்கத்து இடைவெளியைக் காட்டினார். அங்கே இருந்த நெல் என் கையால் வரப்பில் பிடுங்கிப் போடப்பட்டு, வாடிக் கிடந்தது. ஒரு இடத்தில் இல்லை, வரிசை வரிசையாக. வேகமாகப் பறித்தேன் என்றேனே, அந்த வரிசைதான் மோசம்.

முப்பது வருஷமாக வரப்பில் நின்று களை களை என்று கத்தியவனுக்குக் களை தெரியவில்லை. அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ரத்தினத்தின் முகம் செத்துவிட்டது. மேட்டில் மூடி வைத்திருந்த பலகைகளை அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

பாக் டின் திரும்பி வாத்துகள் மேய்ந்த முக்கால்பங்கைப் பார்த்தார். குனிந்து குத்துக்குக் குத்து விலக்கிப் பார்த்தார். ஒரு புல் இல்லை. என் கால் படாத இடத்தில் ஒரு நெல் சேதமில்லை. பிறகு என் கால்பங்கைப் பார்த்தார். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், அவர் சொன்னதை ரத்தினம் அங்கேயே எனக்குச் சொன்னான்.

"மனுஷன் செஞ்ச வேலையும் வாத்து செஞ்ச வேலையும் ஒரே வயல்ல பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிட்டீங்களாம். இனிமே யாரும் அவருக்கு விளக்கம் சொல்ல வேணாமாம். மேட்டுல வீடு போட்டுக்கலாம் மச்சான். பொலே, சரின்னுட்டாரு!"

அவன் அழுதான். நான் மடையோரம் போய்க் கால் கழுவினேன். எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று கேட்டால், இரண்டும்தான், துக்கம் ஒரு படி கூட.

நான் கிளம்பிய அன்று லகாட் வரை பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். பஸ் வழக்கம்போல் வரவில்லை. காத்திருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மச்சான், தையல்ட்ட எடம் இல்லைன்னு சொல்லணும்னா சொல்லிருங்க. நான் கடுதாசி எழுதி ஒங்களப் பொய்யாக்க மாட்டேன். அவ ஒங்களுக்கும் வேணும்லா."

திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று மறுபடியும் நினைத்துக்கொண்டேன். கடல் நெடுக அந்தப் பேச்சு என் கூடவே வந்தது. இல்லை என்று சொல்ல எத்தனை விதமாக வாக்கியம் அமைக்கலாம் என்று கப்பலில் அமைத்துப் பார்த்தேன். நன்றாகவே அமைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தையல் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள். நான் ஆரம்பித்தேன். மழையைச் சொன்னேன், அட்டையைச் சொன்னேன். மஞ்சள் வெந்நீர், டின் பால், நின்றுபோன பஸ், வௌவால், பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் ஒரு சீனத்தி மட்டும், அவளும் மகா வாயாடி, என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"இருக்க எடம் உண்டாண்ணே?"

நான் செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"உண்டு" என்றேன். "மேட்டு நிலம். நல்ல பலகை. மாப்பிள்ளை உனக்காகத்தான் கட்டுகிறான்."

அவள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். பிறகு, "வயலு எவ்ளோ? களைக்கு அங்க யாரு?" என்றாள்.

"வாத்து."

"என்னது?"

"வாத்து எடுக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன். அங்கே நீ குனிய வேண்டியதில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேலி பண்ணவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்கு அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.